"அங்கே யாரும் சாகலையா சார்?"

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஏழாம் வகுப்புக்கு உலக ஆந்தைகளைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கலாம் என்று ஒரு நாள் பெரிய வண்ணப்படம் ஒன்றைச் சுவரில் ஒட்டினேன். துருவத்து வெள்ளை ஆந்தை முதல் நம் ஊர் புள்ளி ஆந்தை வரை பன்னிரண்டு ஆந்தைகள், அத்தனையும் வகுப்பைப் பார்த்து முழிக்கின்றன. ஒட்டிவிட்டுத் திரும்பினால், முன்வரிசையில் ஒரு பெண் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "அது மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு அப்பாயி சொல்லிருக்கு சார்" என்றாள்.

மற்ற பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது. ஒருவன் எழுந்து, தன் தாத்தா இறந்த வாரம் வேப்பமரத்தில் சாக்குருவி கத்திய கதையைச் சொன்னான். அடுத்து இன்னொருவன். மணி அடிக்கும் வரை கதைதான். பாடம் நடக்கவில்லை.

நான் அறிவியல் ஆசிரியர். 'மூடநம்பிக்கை' என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கலாம். முன்னெல்லாம் அப்படிச் செய்தவன்தான். பிள்ளைகள் தேர்வில் அதை அப்படியே எழுதி மதிப்பெண் வாங்குவார்கள். ராத்திரி கூகை என்கிற ஆந்தை கத்தினால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது.

சரி, படத்தைக் கழற்றிச் சுருட்டி வைத்தேன். எங்கள் பள்ளியில் பூட்டிக் கிடக்கும் பழைய சத்துணவுக் கூடம் ஒன்று உண்டு. அதன் காற்றுத் துவாரத்தில் ஒரு ஜோடிக் கூகை குடியிருக்கிறது. வெள்ளை முகம், பாதி வெட்டிய ஆப்பிள் போல இருக்கும். அந்தத் துவாரத்துக்கு நேர் கீழே, கட்டைவிரல் பருமனில் கறுப்பு உருண்டைகள் கிடக்கும். பிள்ளைகள் அதை ஆந்தை எச்சம் என்றுதான் நினைத்திருந்தார்கள். அது எச்சமில்லை. கூகை எலியை மெல்லாமல் முழுதாக விழுங்கிவிடும். சதை செரித்துவிடும். எலும்பும் மயிரும் வயிற்றுக்குள் உருண்டையாகத் திரண்டு, சில மணி நேரத்தில் வாய் வழியாகவே வெளியே வந்துவிடும். வகுப்பில் அதற்கு உடனே 'ஆந்தை வாந்தி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நானும் மாற்றவில்லை.

கிருமி போக, அவற்றை அலுமினியத் தாளில் சுற்றி எங்கள் வீட்டு ஓவனில் முக்கால் மணி நேரம் சூடாக்கினேன். அதற்கப்புறம் வீட்டில் யாரும் அந்த ஓவனில் கேக் செய்யவில்லை என்பது தனிக் கதை. மறுநாள் வகுப்பில் கையுறை, முகக்கவசம், வெதுவெதுப்பான தண்ணீர், பல்குத்தும் குச்சி. நான்கு பேருக்கு ஓர் உருண்டை. மயிரைப் பிரிக்கப் பிரிக்க விலா எலும்பு வரும், ஊசி மாதிரி. தொடை எலும்பு வரும். பிறகு மண்டையோடு. மஞ்சளாக வளைந்த வெட்டுப்பல் நீட்டிக்கொண்டிருந்தால் எலி. கூராகப் பொடிப்பொடிப் பற்கள் இருந்தால் மூஞ்சூறு. கீழ்த்தாடை மட்டும் இடது தனி, வலது தனி என்று கழன்று வரும்.

ஒரு குழுவுக்கு மூன்று இடது தாடையும் நான்கு வலது தாடையும் கிடைத்தன. "எத்தனை எலி?" என்று கேட்டேன். ஏழு என்றான் ஒருவன். மூன்றரை என்றான் இன்னொருவன். "குறைஞ்சது நாலு சார்" என்று ஒரு குரல். புத்தகத்தால் முகத்தை மறைத்தாளே, அவள்தான். குச்சி முனையில் ஒரு தாடை எலும்பைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

அன்று சாயங்காலம் சுவரில் படம் மறுபடி ஏறியது.

இதற்கிடையில் காது பற்றி ஒரு வகுப்பு எடுத்தேன். வானொலியில் அதைச் சொல்வது பொருத்தம்தான். நீங்களும் என்னைக் காதால் மட்டும்தானே அறிகிறீர்கள். ஒரு பையனின் கண்ணைக் கட்டி நடுவில் உட்கார வைத்தோம். இடப்பக்கம், வலப்பக்கம் விரலைச் சொடுக்கினால் சரியாகக் கைகாட்டினான். நேர் எதிரே ஒருவன் பெஞ்சு மேல் ஏறியும் இன்னொருவன் தரையில் குந்தியும் மாறி மாறிச் சொடுக்கியபோது தடுமாறிப்போனான். கூகை அதில் தடுமாறாது. அதன் காதுத் துளைகளில் ஒன்று சற்று மேலே, மற்றது சற்றுக் கீழே. ஒலி மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா என்பதை அந்த ஏற்றத்தாழ்வே சொல்லிவிடும். ரோஜர் பெய்ன் என்ற அமெரிக்க உயிரியலாளர் இருட்டறையில் கூகைகளை வைத்துப் பார்த்தார். காய்ந்த இலைகளுக்கு நடுவே வெறும் காகித உருண்டையை நூலில் கட்டி இழுத்தார். கூகை அதன் மேலும் பாய்ந்தது. வாசனையும் இல்லை, உடம்புச் சூடும் இல்லை. சரசரப்பு மட்டும்தான். இதே பெய்ன்தான் பின்னாளில் திமிங்கிலங்களின் பாட்டை உலகத்துக்குக் கேட்கச் செய்தவர்.

அப்புறம்தான் உலகத்துக்குப் போனோம். சுமார் 250 வகை ஆந்தைகள், அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும். எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிற வேலையில் நான் இறங்கவில்லை. பிள்ளைகள் படத்தில் விரல் வைத்த ஆந்தைகளை மட்டும் பேசினோம். அரிசோனா பாலைவனத்தில், மரங்கொத்தி துளைத்துவிட்டுப் போன கள்ளிப் பொந்தில் குடியிருக்கும் குட்டி ஆந்தை, எடை 40 கிராம். ஜப்பானின் ஹொக்கைடோவில் மீன் பிடித்துத் தின்னும் ஆந்தை, 4 கிலோவுக்கு மேலும் போகும். அமெரிக்கப் புல்வெளிகளில் தரை வளையில் வாழும் ஆந்தை ஒன்று, வாசலில் சாணத்தைக் கொண்டுவந்து பரப்பி வைக்கும். சாண வண்டு தேடி வரும், இது பிடித்துத் தின்னும். அன்று வகுப்பில் அதிகக் கைதட்டு வாங்கியது அதுதான்.

கிகிண்டா என்று செர்பியாவில் ஒரு சிறு நகரம். குளிர்காலம் வந்தால் ஊர் நடுவே உள்ள சதுக்கத்து மரங்களில் நூற்றுக்கணக்கான நீள்காது ஆந்தைகள் வந்து தங்கும். பகல் முழுக்கக் கிளைகளில் தூங்கும். கீழே சனங்கள் நடப்பார்கள், கடைக்குப் போவார்கள். அந்த நாட்டிலும் முன்பு ஆந்தை என்றால் சாவுக்குறிதான். இப்போது அதைப் பார்க்கவே வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். இதைச் சொல்லி முடித்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி: "அங்கே யாரும் சாகலையா சார்?"

நான் பதில் சொல்லவில்லை. "சாவாங்கடா. ஆந்தை இல்லாத ஊர்லயும்தான் சாவாங்க" என்று பக்கத்து மாணவனே சொல்லிவிட்டான். ஒரு வாரமாக நான் சுற்றி வளைத்துக்கொண்டிருந்ததை அவன் இரண்டு வரியில் முடித்துவிட்டான்.

கதை கேட்டு எங்கள் தமிழாசிரியை அம்மாவும் வகுப்புக்கு வந்தார். ஈமக்காட்டோடு கூகையைச் சேர்த்துச் சொல்லும் பாட்டும் சங்க இலக்கியத்தில் உண்டு, வேறு மாதிரியும் உண்டு என்று நற்றிணையின் 83-ஆம் பாட்டைச் சொன்னார். தலைவன் இரவில் வரும் நேரம். ஊர்வாயில் முதுமரத்தில் இருக்கும் கூகையிடம் தோழி கெஞ்சுகிறாள்: ஆட்டிறைச்சியோடு நெய்ச்சோறு தருகிறோம், சுட்ட வெள்ளெலியும் தருகிறோம், இந்த நேரத்தில் மட்டும் கத்தித் தொலைக்காதே. அதன் கூரிய நகத்தையும் வளைந்த அலகையும் பாட்டு விட்டுவைக்கவில்லை. கூகைக்கு எலி பிடிக்கும் என்பதும் அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது. "லஞ்சம் சார்!" என்று பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம்.

எங்கள் பக்கம் நெல் வயல். நாற்று நட்டதும் குறுக்குக் கட்டை கட்டிய குச்சிகளை வயலுக்குள் நடுகிறவர்கள் உண்டு. ராத்திரி ஆந்தை வந்து உட்கார்ந்து எலியைப் பார்க்க அது வசதி. இதைத் தெரிந்த பிள்ளைகள் வகுப்பில் பாதிப் பேர். ஆனால் குச்சியில் உட்காருகிற ஆந்தையும் வேப்பமரத்தில் கத்துகிற சாக்குருவியும் ஒரே கூட்டம் என்று அவர்கள் சேர்த்துப் பார்த்ததில்லை.

போன மாதம் அந்தப் பெண்ணின் அப்பாயியைப் பள்ளி வாசலில் பார்த்தேன். பேத்தி ஒரு தீப்பெட்டிக்குள் எலி மண்டையோட்டைப் போட்டு அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாளாம். திட்டத்தான் வந்திருக்கிறார். திட்டி முடித்துக் கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏன் வாத்தியாரே, அது எங்க வூட்டுப் பக்கம் வருமா? பானை பூரா எலி."

வணக்கம்.