கடற்போரில் மறைந்த முன்னோரைத் தேடுவது எப்படி? பெயரை விடுங்கள், கப்பலைப் பிடியுங்கள்

[திரை: கறுப்புப் பின்னணி. நடுவில் ஒரு வரி மட்டும்: "கப்பலுக்குப் போனார், திரும்பி வரவில்லை."]

கொள்ளுத்தாத்தாவைப் பற்றிப் பல வீடுகளில் மிஞ்சியிருப்பது இந்த ஒரு வரிதான். எந்தக் கப்பல், எந்தக் கடல், எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது. திதியோ பாத்திஹாவோ நினைவுப் பூசையோ, எதற்கும் தேதி இல்லாமல் மூன்று தலைமுறை கடந்திருக்கும். அந்தத் தேதியைக் கண்டுபிடிக்க முடியும். எப்படி இறந்தார் என்பதையும் பல நேரங்களில் ஓரளவு துல்லியமாகச் சொல்ல முடியும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் வேலை செய்த இந்தியத் தொழிலாளர்களை, அன்று 'லாஸ்கர்' என்று அழைக்கப்பட்டவர்களை, வைத்தே இந்த வீடியோ.

பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு, பெயரைத் தட்டித் தேடுவது. முத்துசாமி என்ற ஒரே பெயரை எழுத்தர்கள் நாலைந்து விதமாக ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். பலருக்கு ஒற்றைப் பெயர்தான் பதிவாகியிருக்கும். ஃபெர்னாண்டோ என்று இருந்தால் அவர் தூத்துக்குடிக்காரராக இருக்கலாம், மன்னாராக இருக்கலாம், கோவாவாகவும் இருக்கலாம். பெயர் உங்களை அலைக்கழிக்கும். கப்பல் அப்படிச் செய்யாது. ஒரு கப்பல் ஒரு நாளில்தான் மூழ்கும்.

[திரை: பழுப்பேறிய காகிதங்கள். ஒவ்வொன்றாக நெருங்கிக் காட்டவும்.]

அதனால் முதலில் வீட்டுப் பெட்டி. கப்பல் கம்பெனியின் கடிதம், டிஸ்சார்ஜ் சான்றிதழ் (கப்பல் வேலையிலிருந்து விடுவித்த தாள்), சம்பளப் பாக்கி அல்லது பென்ஷன் தாள் எது இருந்தாலும் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். பின்பக்கத்தில் பென்சிலில் எழுதிய எண்ணையும் விடாதீர்கள். கம்பெனியின் பெயர் மட்டும் கிடைத்தாலும் தேட வேண்டிய கப்பல்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிடும். பதக்கத்தை மட்டும் அதிகம் நம்ப வேண்டாம். அட்லாண்டிக் ஸ்டார் அவர் அந்தக் கடலில் பணியாற்றினார் என்று சொல்லும். எந்தக் கப்பலில் என்று சொல்லாது.

அடுத்து காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடல். காசு இல்லை. பெயர்ப் பெட்டியைக் காலியாக விட்டுவிட்டு, இரண்டாம் உலகப் போர், வணிகக் கடற்படை, இந்தியப் பணி என்று மட்டும் வடிகட்டுங்கள். இறந்த ஆண்டு தெரிந்தால் அதையும் சேருங்கள். வரும் பட்டியலைத் தரவிறக்கி, இறந்த தேதிப்படி அடுக்குங்கள். ஒரே தேதியில் முப்பது பேர், ஒரே கப்பல் பெயர் என்று கொத்துக் கொத்தாகத் தெரியும். ஒவ்வொரு கொத்தும் ஒரு மூழ்கல்.

[திரை: ஒரு பதிவின் மாதிரி. வரி வரியாக ஒளிரட்டும்.]

ஒரு பதிவைக் கிட்டத்தில் பார்ப்போம். முதலில் பதவி. பிறகு கப்பல் பெயர், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஓர் ஊர்: 'எஸ்.எஸ். சிட்டி ஆஃப் பெனாரஸ் (கிளாஸ்கோ)' என்று இருக்கும். அந்த ஊர் அவருடைய ஊர் அல்ல, கப்பல் பதிவான துறைமுகம். இதைப் பார்த்து 'தாத்தா ஸ்காட்லாந்தில் குடியிருந்தார்' என்று முடிவுகட்ட வேண்டாம். பதிவின் கடைசியில் தகப்பன் பெயரும் கிராமமும் சில நேரம் இருக்கும். உங்களுக்கு உண்மையில் வேண்டியது அந்த வரிதான்.

பதவியையும் கவனியுங்கள். சாரங்கு, தண்டல், சீகன்னி, பண்டாரி, தோப்பாஸ் என்று வரும். சீகன்னி என்பது நம் சுக்கானி, சுக்கான் பிடிப்பவர். பண்டாரி சமையல்காரர். தோப்பாஸ் துப்புரவுப் பணியாளர். தூத்துக்குடித் தோணியில் தண்டல்தான் தலைவர், ஆனால் நீராவிக் கப்பலில் தண்டல் சாரங்குக்கு அடுத்த நிலை. ஃபயர்மேன் என்றால் தீயணைப்பவர் அல்ல, கொதிகலனுக்குக் கரி போட்டவர். டிரிம்மர் அவருக்குக் கரி தள்ளிக் கொடுத்தவர்.

கடலோடு போன இந்தியர்களின் பெயர்கள் வணிகக் கப்பல்காரர்களுக்கான லண்டன் டவர் ஹில் நினைவிடத்தில் பெரும்பாலும் இருக்காது. அவை ஒரே மாதிரியான இரண்டு நினைவுப் புத்தகங்களில் உள்ளன. ஒன்று மும்பை இந்தியக் கடலோடிகள் இல்லத்தில், மற்றொன்று வங்கதேசத்தின் சிட்டகாங் போர்க் கல்லறையில். 6,000க்கும் மேற்பட்ட பெயர்கள். டவர் ஹில்லில் தேடிவிட்டு 'பதிவே இல்லை' என்று விட்டுவிடுபவர்கள் நிறைய. அவர்களுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறோம்.

இன்னொரு பொறி, கடற்படையில் இருந்தவர்களுக்கு. பிரிட்டிஷ் இந்தியக் கடற்படைக் கப்பல்களின் பெயருக்கு முன்னால் எச்.எம்.ஐ.எஸ். என்று வரும். பதிவில் 'எச்.எம்.ஐ.எஸ். தல்வார்' என்று இருந்தால் அந்தக் கப்பல் எங்கே மூழ்கியது என்று தேடாதீர்கள். தல்வார் பம்பாயில் தரையில் இருந்த சிக்னல் பயிற்சிப் பள்ளி. 1946 பிப்ரவரியில் கடற்படை எழுச்சி தொடங்கியது அங்கேதான். கராச்சியில் இருந்த 'ஹிமாலயா'வும் தரை முகாம்தான். கடற்படை தன் முகாம்களுக்கும் கப்பல் பெயரே வைக்கும்.

[திரை: லண்டன் கியூ, தேசிய ஆவணக் காப்பகம். கோப்பு எண்கள் பெரிதாக.]

கப்பல் பெயர் கிடைத்துவிட்டது. ஒரே பெயரில் பல கப்பல்கள் இருந்திருக்கும், ஆகவே அடுத்து அதிகாரபூர்வ எண். பிரிட்டனில் பதிவான ஒவ்வொரு கப்பலுக்கும் மாறாத ஓர் எண் உண்டு, 'கிளிப்' என்ற கப்பல் பணியாளர் பட்டியல் தளத்தில் அது கிடைக்கும். அந்த எண்ணோடு கியூ காப்பகத்தின் இரண்டு வரிசைகளுக்குப் போங்கள். பி.டி. 389 என்பது கப்பல் நடமாட்ட அட்டை. எந்தத் துறைமுகம், எந்தத் தேதி, கடைசியில் எப்படி அழிந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். இவை மின்படமாகவே கிடைக்கின்றன. பி.டி. 381 பணியாளர் ஒப்பந்தங்கள். இதை நகல் எடுத்துத் தரச் சொல்லலாம், ஆனால் எத்தனை பக்கம் என்று எண்ணிச் சொல்வதற்கே தனிக் கட்டணம்.

இங்கே இரண்டு விஷயம். மூழ்கிய கப்பலின் கடைசிப் பயணத்து நாட்குறிப்பைத் தேடாதீர்கள். அது கப்பலோடு போய்விட்டது. கரையில் விட்டுச்சென்ற பெயர்ப்பட்டியல்தான் மிஞ்சியிருக்கும். அடுத்தது, லாஸ்கர்கள் தனி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள், அல்லது கைநாட்டு வைத்தார்கள். ஐரோப்பியர் பட்டியல் மட்டும் உங்களுக்கு நகலாக வந்தால், ஆசியப் பணியாளர் ஒப்பந்தத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

இனி, எப்படி இறந்தார்? அதே கியூ காப்பகத்தின் ஏ.டி.எம். 199 வரிசையில் 2130 முதல் 2148 வரையிலான கோப்புகள் இதற்கானவை. உயிர் தப்பிய கேப்டனையோ மூத்த அதிகாரியையோ கடற்படைத் தலைமையகம் விசாரித்து எழுதியவை. நேரம், இடம், அலை, காற்று, குண்டு பட்ட பக்கம், எந்தப் படகு இறங்கியது, எது கவிழ்ந்தது எல்லாம் இருக்கும். லாஸ்கர்களின் பெயர் இருப்பது அரிது. 'நேட்டிவ் க்ரூ' (சுதேசிப் பணியாளர்கள்) என்று மொத்தமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். படிக்க வலிக்கும். ஆனாலும் படியுங்கள், அவர் பட்டது அந்த வரிகளுக்குள்தான் இருக்கிறது.

[திரை: வட அட்லாண்டிக் வரைபடம். இரண்டு கடிகாரங்கள்.]

சிட்டி ஆஃப் பெனாரஸையே எடுத்துக்கொள்வோம். 1940 செப்டம்பர் 13 அன்று லிவர்பூலில் கிளம்பியது. கனடாவுக்கு அனுப்பப்பட்ட 90 குழந்தைகள் அதில் இருந்தார்கள், 77 பேர் பிழைக்கவில்லை. ஜெர்மன் நீர்மூழ்கி யூ-48 அதை அடித்த நேரம் ஜெர்மன் கணக்கில் 18ஆம் தேதி 00.01. பிரிட்டிஷ் கணக்கில் 17ஆம் தேதி இரவு 10 மணி. இரண்டும் ஒரே கணம். அப்போது ஜெர்மன் கோடைக்கால நேரம் கிரீன்விச்சை விட இரண்டு மணி முன்னால் இருந்தது. எந்த ஆவணத்தில் எந்தக் கடிகாரம் என்று பார்க்காவிட்டால் நாள் தவறும், நாள் தவறினால் திதியும் தவறும்.

இதே நேரத்தைப் பதவியோடு சேர்த்துப் பாருங்கள். எஞ்சின் அறையில் வேலை நாலு மணி நேர முறை. இரவு 10 மணி என்றால் 8-12 முறைக்காரர்கள் கீழே இருந்தார்கள், மற்றவர்கள் மேலே. குண்டு கொதிகலன் பக்கம் பட்டிருந்தால் கீழே இருந்த ஃபயர்மேன்கள் அந்த நிமிடமே போயிருப்பார்கள். பெனாரஸில் பட்டது பின்பக்கம். கப்பல் அரை மணி நேரம் போல மிதந்தது. படகுகள் சூறைக்காற்றில் கவிழ்ந்தன, நீர் நிரம்பின. வெப்ப நாட்டுப் பருத்தி உடையில் இருந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது வெடி அல்ல, குளிர். பன்னிரண்டாம் எண் படகில் 46 பேர் எட்டு நாள் மிதந்து உயிரோடு மீட்கப்பட்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் இந்தியத் தொழிலாளர்கள். ஆகவே பதிவில் உள்ள தேதி கப்பல் மூழ்கிய தேதி. உயிர் போனது அடுத்த நாளாகவும் இருக்கலாம். குடும்ப வரலாற்றில் எழுதும்போது ஆவணம் சொல்வதை ஒரு நிறத்திலும் உங்கள் ஊகத்தை வேறு நிறத்திலும் எழுதுங்கள்.

முதல் உலகப் போர் என்றால் வழி கொஞ்சம் மாறும். 1915 பணியாளர் பட்டியல்கள் கிரீன்விச் கடல்சார் அருங்காட்சியகத்தில், போரின் மற்ற ஆண்டுகளில் பெரும்பகுதி கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மெமோரியல் பல்கலைக்கழகத்தில்.

[திரை: காலி தேடல் முடிவு.]

எல்லாம் தேடியும் ஆணையத்தின் பட்டியலில் பெயர் இல்லையா? காரணம் பெரும்பாலும் இதுதான்: வணிகக் கப்பல்காரர் எதிரித் தாக்குதலில் அல்லது போர்க் காரணத்தால் இறந்திருந்தால்தான் சேர்ப்பார்கள். கப்பலில் காய்ச்சல் கண்டு இறந்தவருக்கு இடமில்லை. கடற்படைக்காரர் பணியில் எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும் இடம் உண்டு. இரண்டாம் போருக்கு அவர்கள் எடுத்துக்கொள்ளும் காலம் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. உங்கள் முன்னோர் இந்த வரம்புக்குள் வந்தும் விடுபட்டிருந்தால் ஆணையத்துக்கு விண்ணப்பிக்கலாம். பணியாளர் ஒப்பந்தத்தில் அவர் பெயர் உள்ள பக்கம், கப்பல் தாக்கப்பட்டதற்கான ஆவணம், இறந்ததைச் சொல்லும் கம்பெனிக் கடிதம் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். பெயர் தப்பாக எழுதப்பட்டிருந்தால் அதையும் ஆதாரத்தோடு திருத்தக் கேட்கலாம். கேட்கும்போது தகப்பன் பெயரையும் கிராமத்தையும் சேர்த்தே கேளுங்கள்.