கூரையேறிப் பார்ப்போம்

மேடையில் வீற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, வட்டாரக் கல்வி அலுவலர் ஐயா அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பாளர்களே, மைக் செட் தம்பி உட்பட அனைவருக்கும் வணக்கம். கல்வி அலுவலர் ஐயா இன்னொரு விழாவுக்கும் போக வேண்டுமாம். ஆனாலும் என் பேச்சு முடியும்வரை இருப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். அவருக்கு இந்த ஊர் சார்பில் நன்றி.

காகிதத்தில் பழைய வீடு கட்டித் தமிழ் சொல்லிக்கொடுப்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று சேதி சொல்கிறேன்: சொல், கை, கணக்கு. 'கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானமேறி வைகுண்டம் போவானா?' என்பார்கள். நம் பிள்ளைகளுக்குக் கோழி தெரியும். கூரைதான் தெரியாது.

முற்றம் என்றால் என்ன என்று கேளுங்கள், மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். சரி, அட்டையில் வெட்டிக் காட்டு என்றால் விழிப்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து வீட்டைச் செய்தால் திண்ணை, அதைத் தாண்டினால் நடையாகிய ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று வாசலிலிருந்து சொற்கள் வரிசையாக வந்து நிற்கும். செட்டிநாட்டு வீடென்றால் முகப்பு, முற்றத்தைச் சுற்றிய வளவு, அதற்குப் பின்னே இரண்டாங்கட்டு. காகிதப் பட்டையைப் பென்சிலில் சுற்றி, நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் நாட்டு ஓடு. சீமை ஓட்டுக்குத் தட்டை அட்டை போதும். 1865இல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பாசல் மிஷன் என்ற கிறித்தவ சபைக்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு பரவிய ஓடு அது. 'சீமை' என்ற சொல்லிலேயே அந்தக் கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிச் சுவர் எழுப்பினாள். உள்ளே எட்டிப் பார்த்தால் கூடத்துச் சுவரில் தங்க எழுத்தில் 'திருமண அழைப்பிதழ்'! முற்றத்துக்குக் கூரையில் ஓட்டை விடச் சொன்னேன். "மழை உள்ள வராதா சார்?" என்றாள். "வரட்டும் என்றுதான் விட்டார்கள்" என்றேன். அவ்வளவுதான், தண்ணீர் பாட்டிலைத் திறந்து கூரைமேல் கவிழ்த்துவிட்டாள். முற்றத்தில் நாலு சொட்டு விழுந்திருந்தால் அதிகம். மீதியெல்லாம் என் வருகைப் பதிவேட்டில் குளம் கட்டியது. பக்கத்து வகுப்புக் கணக்கு ஆசிரியர் எட்டிப் பார்த்து, "தமிழ் வகுப்பில் நீச்சலா?" என்றார்.

மறுநாள் அவள் பாட்டியோடு வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறார் என்று பயந்தேன். அந்த அம்மா ஊறிப்போன வீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சுவரோட சுவரா கூரையை நறுக்கிட்டா தண்ணி எங்கடி போகும்? எரவாணம் எங்க? அது இல்லாம அரிவாளை எங்க சொருகுவே?" என்றார். இருபத்தெட்டு வருஷம் தமிழ் நடத்தியவன் நான். சுவரைத் தாண்டி நீண்டு இறங்கும் கூரை ஓரம்தான் எரவாணம். அந்தச் சொல்லை ஒருநாளும் கரும்பலகையில் எழுதியதில்லை. மறுவாரம் வகுப்பில் செய்த பதினேழு காகித வீடுகளிலும் எரவாணம் நீண்டது. ஒரு பையன் சாக்லேட் தாளில் அரிவாள் வெட்டிச் செருகியிருந்தான். கூரையேறிக் கோழி பிடிக்கிற பழமொழியை அந்தப் பாட்டியிடம் சொல்லியிருந்தால், எந்தப் பக்கமாக ஏறுவது என்று கேட்டிருப்பார்.

அந்த அம்மா அன்று எங்கே உட்கார்ந்தார் தெரியுமா? தலைமையாசிரியர் சிரிக்கிறார், நான் எங்கே வருகிறேன் என்று அவருக்குத் தெரியும். சைக்கிள் நிறுத்தும் இடத்துக் கட்டைச் சுவரில். திண்ணைப் பள்ளிக்கூடம் நடந்த நாட்டில், பள்ளிக்கூடத்துக்கு ஒரு திண்ணை இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா என்ற அருங்காட்சியகம் 1996இலிருந்து இருக்கிறது. பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள், உள்ளே போய்ப் பார்க்கலாம். எத்தனை பிள்ளைகளுக்குப் பஸ் பிடிப்பது? புது நூலக அறை வரப்போகிறது. அதன் வாசலில் இருபுறமும் திண்ணை வையுங்கள் என்று மூன்று மனு கொடுத்துவிட்டேன். வரைபடத்தில் கிடையாது என்கிறார்கள். வரைந்தால் போயிற்று! கூரையேறிக் கோழி பிடிக்காத நாம் ஸ்மார்ட் வகுப்பறை என்று வைகுண்டம் பேசுகிறோம்.

கையும் கணக்கும் பாக்கி. ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார், அவை அடுத்த மேடைக்கு. தலைவர் அம்மா, திண்ணை ஒன்றரை அடி உயரம், இரண்டரை அடி அகலம் இருந்தால் போதும். மாதிரியை மேசைமேல் வைத்திருக்கிறோம், எரவாணத்தோடு. கூரையைப் பிடித்து மட்டும் தூக்க வேண்டாம். காலையில்தான் ஒட்டினோம், பசை இன்னும் காயவில்லை.