எத்தனை புள்ளியால் தவறினோம்?

சாதாரண தரப் பெறுபேறு வெளியானதும் திருகோணமலையில் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் பேசியதன் எழுத்து வடிவம்

எல்லோருக்கும் வணக்கம். மேடையில் இருக்கும் பெரியோரை ஒவ்வொருவராக விளித்துக்கொண்டிருந்தால் மூதூருக்கும் வெருகலுக்கும் போகவேண்டிய பிள்ளைகள் பஸ்ஸைத் தவறவிட்டுவிடுவார்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

சற்று முன் வாசலில் ஒரு அம்மா என்னை மறித்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "மகனுக்குக் கணக்கு போயிட்டுது சேர். இனி கம்பஸ் எண்ட கதையே இல்லைத்தானே?" என்று காதோடு காதாகக் கேட்டார். பக்கத்தில் நின்றவை இரண்டு மான்கள் மட்டும்தான். நம்மூர் மான்களுக்குப் பஸ் நிலையத்து வாழைப்பழத் தோலில்தான் கண். யாருடைய பெறுபேற்றையும் அவை ஊருக்குச் சொல்லப் போவதில்லை. அப்படியிருந்தும் அவருக்குக் குரல் எழும்பவில்லை.

"எத்தனை புள்ளியால போனது அம்மா?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அவரில் பிழை இல்லை. பெறுபேற்றுத் தாளில் எழுத்து மட்டும்தான் வரும். 34 எடுத்தவனுக்கும் சித்தி இல்லை என்ற டபிள்யூ, 4 எடுத்தவனுக்கும் அதே டபிள்யூ. ஒருவன் படலை வரைக்கும் வந்து நிற்கிறான், மற்றவன் இன்னும் ஊருக்குள்ளேயே வரவில்லை. தாளில் இரண்டு பேரும் ஒன்று. இன்றைக்கு நான் பேச வந்தது இந்தத் தூரத்தைப் பற்றித்தான்.

எனக்கும் ஓ.எல்லில், அதாவது சாதாரண தரத்தில், கணிதம் டபிள்யூ. மற்ற எட்டுப் பாடமும் சித்தி. அந்தக் காலத்தில் பெறுபேறு பாடசாலைக்கு வரும், அறிவித்தல் பலகையில் ஒட்டுவார்கள். சுட்டிலக்கத்தைத் தேடிப் பிடித்து, விரலை ஓட்டிக்கொண்டு போய், அந்த எழுத்தில் விரல் நின்றது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆசிரியர் ஒருவர், "உனக்குக் கணக்கு ஓடாது, அது பிறவிக் கோளாறு" என்றார். நானும் நம்பிவிட்டேன்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. என் அம்மா சீட்டுப் பிடிப்பவர். இருபது பேர், ஆளுக்கு 500 ரூபாய், மொத்தம் 10,000. ஒருவர் 1,400 ரூபாய் கழிவு கூறிச் சீட்டை எடுக்கிறார் என்று வையுங்கள். கழிவை இருபதால் பிரித்தால் 70. அந்த மாதம் ஆளுக்கு 430 கட்டினால் போதும், எடுத்தவர் கைக்கு 8,600. இந்தக் கொப்பியை இரவில் குப்பி விளக்கு வெளிச்சத்தில் எழுதியது நான்தான். ஒரு ரூபாய் பிசகினாலும் மறுநாள் காலை ஆட்கள் படலையில் நிற்பார்கள், அதனால் பிசகவே இல்லை. அதே நான் பரீட்சையில் வட்டிக் கணக்கை வெறுமையாக விட்டுவிட்டு வந்தேன். பிறவிக் கோளாறு உள்ளவன் சீட்டுக் கொப்பி எழுத முடியுமா?

அப்புறம் எங்கள் ஒழுங்கையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. பழைய வினாத்தாள் ஒன்றைத் தந்து, மணிக்கூட்டைப் பார்த்து, திண்ணையில் எழுத வைத்தார். திருத்தி முடித்ததும் "இருநூறுக்கு 41" என்றார். "சித்திக்கு 35 புள்ளி வேணும். அது நூற்றுக்கு. இருநூறுக்கு 70. உனக்குக் குறையிறது 29. இவ்வளவுதான் உன்ர பிறவிக் கோளாறு."

பிள்ளைகளே, இந்தக் கணக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். கணிதத்தில் இரண்டு வினாத்தாள். முதலாவதின் ஏ பகுதியில் 25 சிறு வினாக்கள், ஒன்றுக்கு 2 புள்ளி, மொத்தம் 50. பீ பகுதியில் ஐந்து வினாக்கள், ஒன்றுக்கு 10, அதுவும் 50. இரண்டாவது வினாத்தாளில் பன்னிரண்டில் பத்து செய்ய வேண்டும், அது 100. நான் ஏ பகுதியில் ஒன்பது சரியாகச் செய்திருந்தேன். இன்னும் எட்டைச் சரிப்படுத்தினால் 16 வரும். மிச்சம் 13. இருபடிச் சார்பின் வரைபு, கவராயத்தால் செய்யும் அமைப்பு, தரவுகளின் இடை, அதாவது சராசரி, ஆகிய மூன்றையும் சேர் பிடித்துக்கொண்டார். "தேற்றம் நிறுவிறதை இப்ப விடு, அதுக்குப் பிறகு பார்க்கலாம்" என்றார். அட்டவணையில் ஒரு நிரலை ஒழுங்காக நிரப்பினாலே புள்ளி விழும், விடை பிழைத்தாலும் படிமுறைக்குப் புள்ளி உண்டு என்பதெல்லாம் அந்தத் திண்ணையில் தெரிந்துகொண்டதுதான். பதினொரு வருடப் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் அதை எனக்குச் சொல்லவில்லை.

அடுத்த முறை தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதினேன். என்ன வந்தது? எஸ். சும்மா ஒரு எஸ், வெறும் சாதாரண சித்தி. அதற்குப் பிறகு கலைப்பிரிவில் ஏ.எல் என்கிற உயர்தரம், அங்கிருந்து வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம். இப்போது ஒரு அலுவலகத்தில் வரவுசெலவுக் கொப்பிகளைச் சரிபார்ப்பது என் வேலை. சிரியுங்கள், பரவாயில்லை.

சரி, சட்டதிட்டத்துக்கு வருவோம். ஏ.எல் படிக்கத் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடம் சித்தி வேண்டும், அதில் மூன்று திறமைச் சித்தியாக, அதாவது சீ அல்லது அதற்கு மேலாக, இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆகவே இவ்வளவும் கையில் இருக்க வரலாறோ ஆங்கிலமோ மட்டும் போனவர்கள் இன்று அழுதது வீண் கண்ணீர். கணிதமோ தமிழோ போனவர்களும் இந்த எண்ணிக்கை நிரம்பாதவர்களும்தான் திரும்ப எழுத வேண்டும். விடைத்தாள் மீளாய்வுக்கு விண்ணப்பிப்பதென்றால் முடிவுத் திகதிக்கு முன் செய்யுங்கள். ஆனால் அந்த முடிவு வரும்வரை கொப்பியை மூடி வைக்காதீர்கள்.

பல்கலைக்கழக அனுமதியைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு ஆட்களைத் தெரிவு செய்யும் இஸட் புள்ளி முழுக்க ஏ.எல் பாடங்களிலிருந்து கணிப்பது. ஓ.எல் கணிதம் அதில் ஒரு துளியும் சேராது. ஏ.எல்லில் மூன்று பாடமும் ஒரே தடவையில் சித்தியாக வேண்டும், பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளி வேண்டும், மூன்று தடவைகளுக்குள் அடைய வேண்டும். பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்ட அடிப்படை, 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பதினாறில் ஒன்று. இது பெருமைப்படுகிற விஷயம் இல்லை, ஆனால் இருக்கிற கதவைத் தட்டாமல் விடுவதும் புத்தி இல்லை. சில பாடநெறிகள் ஓ.எல் கணிதத்தையும் ஆங்கிலத்தையும் திரும்பிப் பார்க்கும், அதனால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை ஏ.எல் பாடம் தெரிவு செய்யும்போதே வாசியுங்கள்.

ஏ.எல்லே சரிவராது என்றாலும் வழி இருக்கிறது. திறந்த பல்கலைக்கழகத்தில் பதினெட்டு வயது நிரம்பியவர்கள் அடிப்படைப் பாடநெறி வழியாகப் பட்டப்படிப்புக்குப் போகலாம். மட்டக்களப்பில் பிராந்திய நிலையம் உண்டு. கைவேலையில் நாட்டம் உள்ள பிள்ளை என்.வி.கியூ எனும் தேசிய தொழிற்தகைமையில் நான்கு, ஐந்து என்று மட்டம் மட்டமாக ஏறி, இரத்மலானையில் உள்ள யுனிவோடெக் எனும் தொழிற்கல்வித் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்துக்கே விண்ணப்பிக்கலாம். 2017இல் தொடங்கிய 13 வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வியில், ஓ.எல்லில் தவறியவர்களும் பாடசாலையிலேயே தொழிற் பிரிவில் தொடரலாம். பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் போடும் பட்டங்களுக்குக் காசு கட்ட முன், ஆணைக்குழு அதை ஏற்றிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பெற்றோருக்கு இரண்டு வார்த்தை. டபிள்யூ வந்த வீட்டில் முதல் மூன்று மாதம் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். பையனுக்கு மாமா ஒருவர் கட்டாருக்கு ஆள் தேடுவார். மகளுக்கு, "இனி எதுக்கு மினக்கெடுவான்" என்று சம்பந்தம் பேசத் தொடங்குவார்கள். கோயில் திருவிழாவுக்குப் பிள்ளை வராது. அந்த மூன்று மாதத்துக்குள் விண்ணப்பத் திகதி முடிந்துவிடும். பாடத்தில் தவறிய பிள்ளைகளைவிட அந்தத் திகதியைத் தவறவிட்ட பிள்ளைகளைத்தான் நான் கூடுதலாகச் சந்தித்திருக்கிறேன். அரச வேலை விளம்பரங்களில் ஓ.எல் சித்தியைப் பற்றி "இரண்டு தடவைகளுக்கு மேற்படாமல்" என்றொரு வரி வரும். அதற்காகவும் அடுத்த தடவையை விளையாட்டாக எடுக்காதீர்கள்.

நிலாவெளிப் பக்கம் போகிறவர்கள் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலைக் கம்பஸ் பிள்ளைகள் பஸ்ஸால் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களிடம் ஓ.எல் கணிதம் என்ன என்று கேட்டுப் பாருங்கள். அரைவாசிப் பேர் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்கள்.

பின்வரிசையில் ஒரு தம்பி கையை உயர்த்துகிறார். கேள்விகளை வெளியே வைத்துக்கொள்வோம், மண்டபத்தை ஆறு மணிக்குப் பூட்ட வேண்டுமாம். நான் வாசலில் நிற்பேன், மேசையும் இரண்டு கதிரையும் கேட்டிருக்கிறேன். பழைய வினாத்தாள் கொண்டுவந்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள். அந்த அம்மா எங்கே? மகனையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. ஏ பகுதி இருபத்தைந்தையும் இங்கேயே செய்து பார்ப்போம், பென்சில் என்னிடம் இருக்கிறது.