கருவி இருக்கட்டும், என்ன படிக்கப் போகிறீர்கள்?

வணக்கம் நேயர்களே. அமேசானின் கிண்டில், கோபோ என்று மின்னூல் படிக்கிற கருவிகள் நிறைய வந்துவிட்டன, எதை வாங்கலாம் என்று பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் பதிலுக்கு முன்னால் நான் ஒன்று கேட்பேன்: என்ன படிக்கப் போகிறீர்கள்? ஆங்கில நாவல் மட்டும்தான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எதை வேண்டுமானாலும் வாங்குங்கள், எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். தமிழும் படிக்க வேண்டும் என்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள், சங்கதி அங்கேதான் இருக்கிறது.

முதலில் திரை. இதை இ-இங்க் என்கிறார்கள். அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வுக்கூடத்தில் உருவாகி 1997-ல் தனி நிறுவனமானது. திரைக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உறைகள், ஒவ்வொன்றிலும் திரவத்தில் மிதக்கும் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும். மின்னழுத்தம் கொடுத்தால் ஒரு நிறம் மேலே வரும், வந்தது அங்கேயே நிற்கும். அடுத்த பக்கம் திருப்பும்வரை எழுத்தைக் காட்ட மின்சாரம் தேவையில்லை, அதனால்தான் சார்ஜ் வாரக்கணக்கில் தாங்குகிறது. கைப்பேசி மாதிரி கண்ணைப் பார்த்து வெளிச்சம் அடிக்காது. ஓரத்தில் இருக்கும் விளக்கு திரையின் மேல்தான் விழும். தித்திவங்சா ஏரிக்கரையில் மத்தியான வெயிலில் உட்கார்ந்தாலும் எழுத்து பளிச்சென்று தெரியும். எடையும் 200 கிராம் சொச்சம்தான், கிளானா ஜெயா எல்ஆர்டி ரயில் தடத்தில் மாலை நெரிசலில் ஒரு கை கம்பியைப் பிடித்திருக்க மறுகையில் வைத்துப் படிக்கலாம். ஆனால் மெதுவானது, வீடியோ எல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

இப்போது தமிழுக்கு வருவோம். 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோப்புக்குள் முதலில் 'க' இருக்கும், அதன் பிறகு ஒகரக் குறி இருக்கும். திரையில் வரும்போது அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போய் நிற்க வேண்டும். இதைச் செய்யத் தெரியாத மென்பொருளில் கொம்பு தப்பான பக்கம் நிற்கும், நடுவில் ஒரு புள்ளி வட்டம் எட்டிப் பார்க்கும், பத்து வரிக்குள் உங்களுக்கு வெறுத்துவிடும். கோலாலம்பூரில் இருந்துகொண்டு 1980-களிலேயே முரசு அஞ்சல் என்ற தமிழ் தட்டச்சு மென்பொருளைத் தந்தவர் முத்து நெடுமாறன். ஆப்பிள் கணினிகளில் வரும் இணைமதி எழுத்துருவும் அவர் செய்ததுதான். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு உடைந்த தமிழைக் காட்டுகிற கருவிக்கு நாம் காசு கொடுக்க வேண்டியதில்லை. கிண்டிலில் 2016 கடைசியிலேயே தமிழ் மின்னூல்கள் விற்பனைக்கு வந்துவிட்டன, அங்கே வாங்குகிற நூல்களில் இந்தத் தொல்லை இல்லை. மற்ற கருவி என்றால் ஒரு தமிழ் இபப் கோப்பை, அதாவது மின்னூலுக்கென்றே உள்ள பொதுவான கோப்பு வகையில் ஒன்றைப், போட்டுத் திறந்து பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். கோபோவிலும் பாக்கெட்புக்கிலும் கேஓரீடர் என்ற இலவசச் செயலியைக் கூடுதலாக நிறுவிக்கொள்ளலாம், அது தமிழை ஒழுங்காகவே காட்டுகிறது.

அடுத்தது, விளம்பரங்கள் சொல்லாத ஒன்று. நம் சொற்கள் நீளம். 'வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று ஒரு சொல் வந்தால், ஆறு அங்குலத் திரையில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் அம்மாவுக்கு ஒரு வரி முழுக்க அந்த ஒரே சொல்தான். இரண்டு ஓரமும் சமமாக நிற்கும்படி அமைத்திருந்தால் சொற்களுக்கு நடுவில் பெரிய பெரிய ஓட்டைகள் விழும். அமைப்பில் போய் இடப்பக்கம் மட்டும் சீராக நிற்கும்படி மாற்றினால் பாதித் தொல்லை தீரும். மீதித் தொல்லைக்கு ஏழு அங்குலத் திரை வாங்குங்கள். வயதானவர்களுக்கு வாங்கித் தருகிறவர்களுக்கு நான் இதைத்தான் அழுத்திச் சொல்வேன், ஆறு அங்குலம் மலிவு என்று ஆசைப்படாதீர்கள்.

புத்தகம் எங்கே கிடைக்கும்? 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் சங்க இலக்கியத்திலிருந்து பழைய நூல்கள் எத்தனையோ இலவசமாக இருக்கின்றன, தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து வைத்தவை. இக்கால எழுத்து வேண்டுமென்றால் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம். அங்கே இபப் கோப்போடு ஆறு அங்குலத் திரைக்கென்றே தனியாக ஒரு பிடிஎஃப் வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் பிடிஎஃபில் எழுத்துரு உள்ளேயே இருக்கிறது, தமிழ் தெரியாத கருவியிலும் உடையாது. ஆனால் ஸ்கேன் செய்த பழைய பிடிஎஃப் வேறு கதை. அது பக்கத்தின் படம், எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கமே பெரிதாகி, ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும். உங்கள் கையில் இருப்பவை பெரும்பாலும் ஸ்கேன் கோப்புகள் என்றால் பத்து அங்குலக் கருவி வாங்குங்கள், அல்லது பேசாமல் டேப்லெட்டிலேயே படியுங்கள்.

அகராதி வசதியைப் பற்றியும் பெரிதாகச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் சொல்லைத் தொட்டால் பொருள் வரும், அருமை. தமிழில் 'மரத்தினடியில்' என்பதைத் தொட்டால் அதற்குள் மரம் இருப்பது கருவிக்குத் தெரியாது. அதற்காகக் காசு கூட்டிக் கொடுக்காதீர்கள். வண்ணத் திரையும் அப்படித்தான். வண்ணம் மங்கலாக இருக்கும், திரையும் கொஞ்சம் இருட்டும், நாவல் படிக்கிறவருக்குக் கறுப்பு வெள்ளை போதும்.

வாங்கிய புத்தகம் யாருடையது என்பதையும் யோசியுங்கள். 2009-ல் விற்பனை உரிமைச் சிக்கல் என்று சொல்லி ஜார்ஜ் ஆர்வெல் நாவல்களை வாசகர்களின் கிண்டிலிலிருந்தே அமேசான் அழித்தது, காசைத் திருப்பித் தந்தார்கள் என்றாலும் வீட்டுக்குள் வந்து அலமாரியில் கைவைத்த மாதிரிதானே? 2025 பிப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாக ஏற்றுகிற வசதியையும் எடுத்துவிட்டார்கள். தமிழ் நூல்கள் அங்கே அதிகம் என்பதால் நான் கிண்டில் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பூட்டில்லாத, அதாவது பிரதி எடுக்கத் தடை போடாத, இபப் கிடைக்கும் இடத்தில் அதை வாங்கிக் கணினியிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். இபப் கோப்பை அமேசானின் சென்ட் டு கிண்டில் வழியாக அனுப்பினால் கிண்டிலிலும் படிக்கலாம். கேலிபர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, கோப்புகளை ஒழுங்காக அடுக்கி வைக்க அதைவிட நல்லது நான் பார்த்ததில்லை.

விலையில் ஒரு விஷயம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்து இணையத்தில் விற்கிற கடைகள் நூறு வெள்ளி குறைத்துத் தருவார்கள், சரி, ஆனால் பழுதானால் யார் பார்ப்பது என்று முன்கூட்டியே கேளுங்கள், 'விற்பனையாளர் உத்தரவாதம்' என்றால் எத்தனை மாதம் என்றும் கேளுங்கள். பழைய கருவி வாங்குகிறீர்களா? விற்கிறவரை உங்கள் கண்முன்னே அவருடைய கணக்கை நீக்கச் சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். நான் இன்னும் கொஞ்ச நேரம் நிலையத்தில்தான் இருப்பேன், எந்தக் கருவி என்று கேட்க நினைப்பவர்கள் அழைக்கலாம், அழைக்கும்போது என்ன படிக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.