ப்ளூ மண்டேவுக்கு முன்னால்

நேயர்களுக்கு வணக்கம்.

நியூ ஆர்டர் என்ற ஆங்கிலேய இசைக்குழுவின் பெயரைச் சொன்னதுமே 'ப்ளூ மண்டே' என்பார்கள். 1983 மார்ச்சில் வந்த பாட்டு. ஏழரை நிமிடம் ஓடும். கம்ப்யூட்டர் ஃப்ளாப்பி மாதிரியே துளை வெட்டிய உறையில், பன்னிரண்டு அங்குல இசைத்தட்டாக மட்டும் வெளியிட்டார்கள். அதைப் பற்றிப் பேச ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். எனக்குப் பிடித்ததெல்லாம் அதற்கு முந்தைய இரண்டு வருடங்களில், 1981லும் 82லும், இவர்கள் தட்டுத் தடுமாறி வெளியிட்ட சிங்கிள்கள், அதாவது ஆல்பமாக இல்லாமல் ஓரிரு பாட்டோடு தனியாக வந்த தட்டுகள். இன்றைக்கு அவற்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கதை ஜாய் டிவிஷன் என்ற முந்தைய குழுவில் தொடங்குகிறது. மான்செஸ்டர், சால்ஃபோர்டு பக்கத்துப் பையன்கள் நான்கு பேர். பாடகர் இயன் கர்ட்டிஸ். வலிப்பு நோயும் மனச்சோர்வும் சேர்ந்து வாட்ட, 1980 மே 18ஆம் தேதி தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 23. மறுநாள் குழு அமெரிக்காவுக்குக் கிளம்புவதாக இருந்தது.

மிச்சம் மூன்று பேர். கிட்டார் பெர்னார்ட் சம்னர், பேஸ் பீட்டர் ஹுக், டிரம்ஸ் ஸ்டீபன் மோரிஸ். ஒருவர் விலகினாலும் பழைய பெயரை வைத்துக்கொள்வதில்லை என்று முன்பே பேசி வைத்திருந்ததால் அந்தப் பெயரை விட்டு நியூ ஆர்டர் ஆனார்கள். பெயரை விடலாம், பாடகருக்கு எங்கே போவது? மூன்று பேருமே மைக் முன்னால் நின்று பார்த்தார்கள். யாருக்கும் அது பிடித்த வேலையாக இல்லை. கடைசியில் சம்னர் தலையில் விழுந்தது.

முதல் சிங்கிள் 'செரிமனி', 1981. உண்மையில் அது ஜாய் டிவிஷன் பாட்டு, வரிகள் கர்ட்டிஸுடையவை. அவர் இருக்கும்போது மேடையில் வாசித்தது பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில், மே 2ஆம் தேதி நடந்த கடைசிக் கச்சேரியில். அந்தப் பதிவிலும் தொடக்கத்தில் அவர் குரலே கேட்காது. பாதியில்தான் மேலே வரும். ஒத்திகை டேப் ஒன்று இருந்தது, அதிலும் வார்த்தைகள் தெளிவில்லை. அந்த டேப்பை ஈக்வலைசரில் ஓடவிட்டு, குரல் இருக்கும் அலைவரிசையை மட்டும் ஏற்றி ஏற்றிக் கேட்டு, காதில் விழுந்ததை எழுதிக்கொண்டு சம்னர் பாடினார். இறந்துபோன நண்பனின் வரிகளை இரைச்சலுக்குள்ளிருந்து பொறுக்கி எடுத்திருக்கிறார். இது தெரிந்த பிறகு அந்தக் குரலில் இருக்கும் தயக்கத்தைக் குறையாக என்னால் கேட்க முடியவில்லை.

பதிவு நடந்தது அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் ஈஸ்ட் ஆரஞ்சில், 1980 செப்டம்பரில். தயாரிப்பாளர் ஜாய் டிவிஷன் காலத்து மார்ட்டின் ஹானட்தான். அதே பயணத்தில் நியூயார்க்கில் வண்டியோடு வாத்தியங்கள் அத்தனையும் களவு போயின. பட்ட காலிலே படும் என்பார்களே, அப்படி ஒரு வருடம்.

பாட்டு எப்படி ஆரம்பிக்கிறது என்று கவனியுங்கள். முதலில் பேஸ் மட்டும் தனியாக வரும். சாதாரணமாக பேஸ் என்றால் அடியில் நின்று தாங்கும். ஹுக்கிடம் அது மேலே ஏறி ராகம் பாடும். இதற்குக் காரணம் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. ஆரம்ப காலத்தில் சம்னரின் கிட்டார் சத்தம் காதைப் பிளக்கும். ஹுக்கின் ஸ்பீக்கரோ மட்டம். மேல் தந்திகளில், வாத்தியக் கழுத்தின் மேற்பகுதியில் வாசித்தால்தான் தன் வாசிப்பு தனக்கே கேட்டது. அது நன்றாக இருக்கிறதே என்று கர்ட்டிஸ் உற்சாகப்படுத்தினார். அப்புறம் அதுவே முத்திரை ஆகிவிட்டது.

இந்த இடத்தில் ஒரு சிக்கல். 'செரிமனி' இரண்டு உண்டு. 1980 இறுதியில் கில்லியன் கில்பர்ட் குழுவில் சேர்ந்தார். மோரிஸின் காதலி, பின்னாளில் மனைவி. அவரையும் வைத்துப் பாட்டை மறுபடி பதிந்து 1981 செப்டம்பரில் வெளியிட்டார்கள். இரண்டாவது கிட்டார் சேர்ந்து பாட்டு நிறைந்திருக்கும், சுத்தமாகவும் இருக்கும். 1987இல் வந்த 'சப்ஸ்டன்ஸ்' தொகுப்பில் இருப்பது அதுதான். இவர்களின் தட்டுகளை வெளியிட்ட ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் முதலாளி டோனி வில்சன் தன் ஜாகுவார் காரில் சிங்கிள்களை ஒரே மூச்சில் கேட்க ஆசைப்பட்டார், அதனால் பிறந்த தொகுப்பு என்று ஒரு கதை உண்டு.

நான் இந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்ததும் அந்தத் தொகுப்பில்தான். லண்டனிலிருந்து வந்த உறவினரின் கேசட்டை இரவல் வாங்கி, டிடிகே கேசட்டில் பதிந்துகொண்டேன். பக்கம் முடியும் இடத்தில் ஒரு பாட்டு பாதியில் அறுந்துவிடும். இன்றைக்கும் அந்தப் பாட்டை எங்கே கேட்டாலும் அந்த இடத்தில் மனசு ஒரு கணம் நின்று போகிறது. மூன்று பேர் மட்டும் வாசித்த முதல் 'செரிமனி'யைக் கேட்க எனக்குப் பல வருடங்கள் ஆயின. கேட்டதும் கட்சி மாறிவிட்டேன். இடைவெளிகள் நிறைய உள்ள பதிவு அது. நான்காவது ஆள் நிற்க வேண்டிய இடம் காலியாகவே கேட்கும்.

அடுத்து 1981 செப்டம்பரிலேயே 'ப்ரொசெஷன்'. பாட்டு சுமார்தான் என்பேன். உறை வடிவமைப்பாளர் பீட்டர் சாவில் அதன் உறையை ஒன்பது நிறங்களில் போட்டார். சேகரிப்பவர்கள் பாடு திண்டாட்டம். ஆனால் பின்பக்கத்தைத் திருப்பினால் 'எவ்ரிதிங்ஸ் கான் க்ரீன்'. நியூயார்க் கிளப்புகளில் இரவெல்லாம் நடன இசை கேட்டுவிட்டு வந்தவர்கள் செய்த பாட்டு. டிரம் மெஷினின் துடிப்பை சிந்தசைசருக்குக் கொடுத்து, அதைத் தாளத்தோடு தானாகவே துடிக்க வைத்திருக்கிறார்கள். மேலே கிட்டார் பழைய இருட்டிலேயே நிற்கிறது, கீழே கால் ஆடத் தொடங்கிவிட்டது. 'ப்ளூ மண்டே'யின் விதை இதுதான். ஹானட்டோடு இவர்கள் செய்த வேலையும் இந்தச் சிங்கிளோடு முடிந்தது.

1982 மே மாதம் 'டெம்ப்டேஷன்'. தயாரிப்பாளர் இல்லை, தாங்களே பதிந்துகொண்டார்கள். துல்லியம் பார்ப்பவர்களுக்கு ஆகாது: வேகம் கொஞ்சம் கூடிக் குறையும், சம்னர் சுருதிக்குப் பக்கத்தில் எங்கோ பாடுவார். ஆனால் ஊஊ என்று வார்த்தையே இல்லாமல் இழுக்கிறாரே, அங்கே முதன்முறையாக அவர் யாருடைய வரியையும் தேடிக்கொண்டிருக்கவில்லை. ஒரு மனிதர் சந்தோஷமாகப் பாடுகிறார், அவ்வளவுதான். 'சப்ஸ்டன்ஸ்'காரர்கள் இதையும் விட்டுவைக்கவில்லை. 1987இல் புதிதாகப் பதிந்து பளபளவென்று சேர்த்துவிட்டார்கள். தொகுப்பு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு 82ஆம் வருடத்துப் பாட்டு தெரியவே தெரியாது.

2019இல் இந்தப் பன்னிரண்டு அங்குலத் தட்டுகளை, இரண்டு 'செரிமனி'களையும் சேர்த்தே, மறுபடி அச்சிட்டு விற்றார்கள். இணையத்திலும் கிடைக்கின்றன, தேடும்போது வருடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உரை முடிந்ததும் முதல் 'செரிமனி'யைப் போடுவதாக நிலையத்தார் சொல்லியிருக்கிறார்கள். நேரம் இருந்தால் 82ஆம் வருடத்து 'டெம்ப்டேஷன்', முழு நீளப் பதிவு. 'ப்ளூ மண்டே' போடுங்கள் என்று தயவுசெய்து யாரும் ஃபோன் செய்ய வேண்டாம். வணக்கம்.