உருளைக்கிழங்கின் ஈரமும் ஏர் ஃப்ரையரும்

நேயர்களுக்கு வணக்கம்.

தீபாவளித் தள்ளுபடியில் வாங்கி, பொங்கலுக்குள் பரண் ஏறிவிட்ட ஏர் ஃப்ரையர்கள் நம் ஊரில் நிறையவே இருக்கும். விசாரித்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். வாங்கிய அன்றே ஆசையாக உருளைக்கிழங்கை நீளநீளமாக நறுக்கி உள்ளே போட்டிருப்பார்கள். வெளியே வந்ததோ ஓரம் கருகி, நடுவில் தோல் மாதிரி இழுபட்டு, தட்டில் வைத்த சிறிது நேரத்தில் நமுத்துப் போயிருக்கும். "எண்ணெயில் போடாமல் எப்படி முறுகும்?" என்று வீட்டில் யாராவது தீர்ப்பும் சொல்லியிருப்பார்கள். அந்தத் தீர்ப்பு பாதி சரி. மீதிப் பாதியைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

ஃபிலிப்ஸ் நிறுவனம் 2010-ல் பெர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய பிறகு பரவிய இயந்திரம் இது. மேல்பக்கம் சூடாகும் கம்பிச் சுருள், அதனோடு ஒரு விசிறி, கீழே ஓட்டை போட்ட கூடை. விசிறி வைத்த சின்ன ஓவன், அவ்வளவுதான். காய்ந்த எண்ணெயில் ஒரு துண்டைப் போட்டால் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் சூடு பிடிக்கிறது. காற்றுக்கு அந்த வேகம் கிடையாது. அதனால் வாணலியில் ஐந்தாறு நிமிடத்தில் முடிகிற வேலை இங்கே இருபது நிமிடம் ஆகும்.

வாணலியில் கிழங்கு விழுந்ததும் எழுகிற சத்தத்தைக் கவனித்திருப்பீர்கள். அது கிழங்கிலுள்ள தண்ணீர் ஆவியாகி, குமிழி குமிழியாக எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வெளியேறுகிற சத்தம். சத்தம் அடங்கியதும் எடுத்துவிட வேண்டும் என்று வீடுகளில் சொல்வது அதனால்தான். ஒரு கிலோ உருளைக்கிழங்கில் ஏறக்குறைய 800 கிராம் தண்ணீர் இருக்கிறது. துண்டின் மேற்பரப்பில் உள்ள ஈரம் போனால்தான் அங்கே மொறுமொறுப்பு வரும். ஏர் ஃப்ரையர் இதை மெதுவாகத்தான் செய்யும் என்பதால், அதன் வேலையில் பாதியை நாம் முன்கூட்டியே செய்து கொடுத்துவிட வேண்டும்.

சரி, அதே இயந்திரத்தில் கடையில் விற்கும் உறைந்த ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டினால் மட்டும் எப்படி அழகாக வருகிறது? தொழிற்சாலையில் அந்தக் கிழங்கை வெந்நீரில் கொஞ்ச நேரம் வேகவிட்டு, சூடான காற்றில் உலர்த்தி, எண்ணெயில் அரைவேக்காடாகப் பொரித்து, பிறகுதான் உறைய வைக்கிறார்கள். அதாவது நாம் எண்ணெயே இல்லாமல் செய்ததாகப் பெருமைப்படுகிற ஃப்ரைஸ் ஏற்கெனவே எண்ணெயில் குளித்துவிட்டு வந்ததுதான். தொழிற்சாலை செய்கிற அந்த முன்வேலையை வீட்டிலும் செய்யலாம், பொரிப்பதை மட்டும் விட்டுவிட்டு.

முதலில் கிழங்கு. மாவுச்சத்து அதிகமாகவும் சர்க்கரை குறைவாகவும் இருக்க வேண்டும். சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் இதற்கென்றே குஃப்ரி ஃப்ரைசோனா என்ற ரகத்தை உருவாக்கியிருக்கிறது. ஆனால் நம் காய்கறிக் கடையில் ரகத்தின் பெயரை யார் எழுதி வைக்கிறார்கள்? நீளமாக, கெட்டியாக, தோல் கொஞ்சம் தடித்ததாகப் பார்த்து எடுங்கள். நகத்தால் கீறினாலே தோல் உரிந்து வரும் இளங்கிழங்கு பொரியலுக்கு நல்லது, இதற்கு வேண்டாம்.

கிழங்கை நாள்கணக்கில் ஃப்ரிட்ஜில் வைத்திருந்தாலும் இதற்கு ஆகாது. குளிரில் கிழங்கின் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறும். அந்தச் சர்க்கரை சூட்டில் சீக்கிரமே கருக்கும். உள்ளே வேகும் முன்பே வெளியே கருப்பாகிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். வெளிச்சம் படாத மூலையில், காற்றோட்டமான கூடையில் வையுங்கள்.

இரண்டு மூன்று பேருக்கு அரை கிலோ போதும். தோல் சீவி, ஒரு சென்டிமீட்டர் பருமனில் ஒரே அளவாக நறுக்குங்கள். ஒன்று சுண்டு விரல், இன்னொன்று கட்டை விரல் என்று இருந்தால் பாதி கருகும், பாதி வேகாது. நறுக்கியதை உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டுக் கையால் அலசுங்கள். தண்ணீர் கஞ்சிபோல் கலங்கும். அதை வடித்து, புதுத் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டால், பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக மாவு படிந்திருப்பதைப் பார்க்கலாம். விரலால் தொட்டால் நறநறக்கும். வெட்டுப்பட்ட இடத்திலிருந்து கழன்று வந்த மாவுச்சத்து அது. அப்படியே விட்டிருந்தால் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திட்டுத் திட்டாகச் சிவந்திருக்கும். மேற்பரப்பில் உள்ள சர்க்கரையும் இந்தத் தண்ணீரோடு போய்விடும்.

அடுத்த வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஒரு மேசைக்கரண்டி வினிகரும் கொஞ்சம் உப்பும் போட்டு, துண்டுகளை நான்கைந்து நிமிடம் வேகவிடுங்கள். வினிகர் எதற்கு என்றால், கிழங்கின் செல்களைப் பிடித்துவைத்திருக்கும் பெக்டின் புளிப்பில் சீக்கிரம் கரையாது. துண்டு வெந்தாலும் உடையாது. இந்தக் கொதியில் மேலே உள்ள மாவுச்சத்து கூழாகிறது. பின்னால் காய்ந்து முறுகும் ஓடு அதிலிருந்துதான் உருவாகிறது. ஒரு துண்டை எடுத்து வளைத்துப் பாருங்கள். லேசாக வளைய வேண்டும், மசியக் கூடாது.

வடிகட்டிய துண்டுகளை ஒரு பருத்தித் துணியில் பரப்பி, விசிறிக்கு அடியில் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். ஆவி முழுக்க அடங்கி, துண்டின் மேல் சாம்பல் பூத்த மாதிரி மங்கலாகத் தெரிய வேண்டும். பளபளவென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். இதில் அவசரப்பட்டால் மேலே செய்த அத்தனையும் வீண்.

இப்போது எண்ணெய். "ஒரு சொட்டுக்கூட வேண்டாம்" என்கிற விளம்பரத்தை மறந்துவிடுங்கள். அரை கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி கட்டாயம் வேண்டும். அது மேலே மெல்லிய படலமாகப் பரவி, சூட்டைக் கிழங்குக்குச் சேர்க்கிறது. அப்புறம், பஜ்ஜி மாவில் முறுகலுக்காகச் சேர்ப்போமே அந்த அரிசி மாவு, அதில் ஒரு தேக்கரண்டி தூவிப் பிசிறிவிடலாம். கார்ன் ஃப்ளவரும் சரிதான். எனக்கு அரிசி மாவுதான் பிடிக்கும். ஆறிய பிறகும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கிறது.

ஏர் ஃப்ரையரை மூன்று நிமிடம் சூடாக்கிவிட்டு, கூடையில் பாதிக்கு மேல் நிரப்பாமல் போடுங்கள். குவித்துப் போட்டால் நடுவில் காற்று நுழையாது, ஆவி அங்கேயே தங்கிக் கிழங்கை அவித்துவிடும். முதலில் 160 டிகிரியில் பன்னிரண்டு நிமிடம். பிறகு 200 டிகிரிக்கு ஏற்றி எட்டு முதல் பத்து நிமிடம். நடுவில் இரண்டு மூன்று முறை கூடையை வெளியே இழுத்துக் குலுக்குங்கள். ஆரம்பத்தில் குலுக்கும்போது மெத்மெத்தென்று சத்தமே வராது. முடிகிற நேரத்தில் துண்டுகள் கூடையில் மோதிக் கலகலக்கும். கடிகாரத்தைவிட நான் அந்தச் சத்தத்தைத்தான் நம்புகிறேன். ஒவ்வொரு இயந்திரமும் ஒவ்வொரு மாதிரி. மின்சாரக் கட்டணம் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: 1400 வாட் இயந்திரம் அரை மணி நேரம் ஓடினாலும் முக்கால் யூனிட்டுக்குள்தான்.

பொன்னிறம் வந்ததும் நிறுத்திவிடுங்கள், கரும்பழுப்பு வரை விட வேண்டாம். உருளைக்கிழங்கில் உள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் 120 டிகிரிக்கு மேல் சர்க்கரையோடு சேர்ந்து அக்ரிலமைடு என்ற பொருளாக மாறுகிறது. விலங்குகளுக்குப் புற்றுநோயை உண்டாக்குவதாக ஆய்வுகளில் தெரியவந்த பொருள் இது. உணவில் இது இருப்பதை 2002-ல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். நிறம் கருக்கக் கருக்க அளவு கூடும். பயந்துபோய்த் தட்டைத் தள்ள வேண்டியதில்லை. பொன்னிறத்தில் நிறுத்தினால் போதும்.

உப்பும் மிளகாய்த்தூளும் வெளியே எடுத்த பிறகுதான். முன்னாலேயே உப்பைத் தூவினால் அது உள்ளே இருக்கும் ஈரத்தை மேலே இழுத்துவிடும். மிளகாய்த்தூளோ 200 டிகிரியில் கருகிக் கசக்கும்.

இவ்வளவு செய்தாலும் எண்ணெயில் இரண்டு முறை பொரித்தெடுத்த ஃப்ரைஸுக்கு இது ஈடாகுமா? ஆகாது. அதில் இருக்கும் அந்தக் கனமான ருசி இதில் வராது. ஆனால் சாயங்காலம் பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்ததும் அடுப்படியில் நின்று எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் செய்ய முடிகிற பலகாரம் என்ற வகையில் இது எனக்குப் பிடிக்கும். மிச்சமானால் மூடி வைக்காதீர்கள். மறுபடி 180 டிகிரியில் மூன்று நிமிடம் வைத்தால் ஓரளவு மீண்டு வரும். வேகவைத்து உலர்த்திய துண்டுகளை எண்ணெயில் பிசிறி, தட்டில் பரப்பி ஃப்ரீசரில் உறைய வைத்துக்கொண்டால், வேண்டிய நாளில் நேரே கூடையில் கொட்டிக்கொள்ளலாம். அப்போது நேரத்தில் மட்டும் நான்கைந்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.