கொப்பியை மறைத்த காலம்

நேயர்களுக்கு வணக்கம்.

கொழும்பில் நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. யாருக்காவது புற்றுநோய் என்றால் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டோம். "அவவுக்கு அந்த வருத்தமாம்" என்போம். இல்லையென்றால், "மஹரகமவுக்குப் போய் வாறாவாம்" என்று குரலைத் தாழ்த்துவோம். அபேக்ஷா வைத்தியசாலை அங்கே இருப்பதால் ஓர் ஊரின் பெயரே நோயின் பெயராகிவிட்டது. நான் வெள்ளவத்தையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. கிருலப்பனையில் 138 பஸ் ஏறும்போதெல்லாம் கிளினிக் கொப்பியைச் சீலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டுதான் போவேன். இன்று அந்த மறைப்பைப் பற்றித்தான் கதைக்க வந்திருக்கிறேன்.

முதலில் மறைத்தது கட்டியை. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது, ஒரு கடலையளவு. நோகவில்லை. நோகாததால் மூன்று மாதம் பேசாமல் இருந்தேன். மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் நோகாது என்பது எனக்கு அப்போது தெரியாது. கட்டி மட்டுமில்லை, தோல் உள்ளே இழுபட்டாலோ, காம்பு திரும்பினாலோ, அதிலிருந்து இரத்தம் கசிந்தாலோ உடனே போய்க் காட்டுங்கள். 35 வயதான பெண்களுக்கு சுகவனிதையர் கிளினிக்கில் மார்பகத்தையும் கருப்பைக் கழுத்தையும் காசில்லாமல் பரிசோதிக்கிறார்கள். உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் கேட்டால் நாளைச் சொல்வார். ஆறாம் வகுப்பில் பெண் பிள்ளை இருந்தால், கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசிக்குப் பாடசாலையில் கடிதம் வரும். 2017 முதல் கொடுக்கிறார்கள். தயங்காமல் கையெழுத்துப் போடுங்கள்.

அடுத்து மறைத்தது காய்ச்சலை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது முறை கீமோ மருந்து ஏற்றிப் பத்தாம் நாள். இரவு எட்டரைக்கு உடம்பு நடுங்கத் தொடங்கியது. மகள் வேலை முடிந்து களைத்துப்போய் வந்திருந்தாள். அவளை அலைக்கழிக்கக் கூடாது என்று இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு போர்த்துப் படுத்தேன். காய்ச்சல் விட்டது போல இருந்தது. விடியப்புறம் எழும்பிப் போனவள் குளியலறை வாசலில் கால் மடிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கதவு நிலையைப் பிடித்த கை கிடுகிடுவென்று ஆடியதும், மகள் செருப்பில்லாமல் ஓடிவந்ததும் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

நடந்தது இதுதான். கீமோ மருந்து வேகமாகப் பெருகும் கலங்களைத் தாக்கும். புற்றுநோய்க் கலங்களோடு சேர்த்து, கிருமியை எதிர்க்கும் வெள்ளைக் கலங்களும் குறைந்துபோகும். பல மருந்துகளுக்கு 7ஆம் நாளுக்கும் 14ஆம் நாளுக்கும் இடையில்தான் அவை மிகவும் குறைந்து நிற்கும். அந்த நேரம் வருகிற காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல் இல்லை. தெர்மோமீற்றர் 38 பாகை செல்சியஸ், பழைய கணக்கில் 100.4, காட்டினால் இரவு இரண்டு மணியானாலும் வைத்தியசாலைக்குப் போங்கள். அடுத்த கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்கவே கூடாது. பனடோல் காய்ச்சலை இறக்கிக் காட்டும், கிருமியைக் கொல்லாது.

மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்து, கொழும்பில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிச் சிகிச்சை எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்த அவசரத்தில் சிங்களம் வாயில் வராது. "நான் கீமோ எடுப்பவர், காய்ச்சல் வந்திருக்கிறது" என்று மூன்று மொழியிலும் ஒரு துண்டில் எழுதி, கடைசியாக மருந்து ஏற்றிய திகதியையும் குறித்து, கொப்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சாப்பாடு. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒவ்வொன்றை விலக்கச் சொல்வார்கள். மீன் கிரந்தி, முட்டை கிரந்தி, இறாலைத் தொடவே கூடாது. நான் கேட்டுக் கேட்டுக் கடைசியில் கஞ்சியோடு நின்றேன். உடம்பு உருகிப்போனது. சிகிச்சைக் காலத்தில் புரதம் மிகவும் முக்கியம். நன்றாக வேகவைத்த மீனும் முட்டையும் பருப்பும் தாராளமாகச் சாப்பிடலாம். அரை அவியல் முட்டையும், சரியாகக் கழுவாத பச்சை வல்லாரையும்தான் வேண்டாம். வாய்ப்புண் வந்து எதுவும் இறங்காத நாட்களில் சொதியில் ஊறிய இடியப்பம்தான் என்னைக் காப்பாற்றியது. ஒரு கப் இளஞ்சூட்டு வெந்நீரில் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவும் அதில் பாதியளவு உப்பும் கலந்து அடிக்கடி வாய் கொப்பளித்தால் எரிவு குறையும்.

ஒரு சிநேகிதி அன்னமுன்னா இலைக் கஷாயம் கொண்டுவந்தாள். அன்பில்தான் கொண்டுவந்தாள். வாங்கிக் குடித்தேன், டாக்டரிடம் சொல்லவில்லை. அது மூன்றாவது மறைப்பு. சில மூலிகைகள் ஈரல் மருந்தை உடைக்கும் வேகத்தையே மாற்றிவிடும். எதைக் குடிப்பதென்றாலும் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

இதைக் கேட்கும் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. இலங்கையில் ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். "புகையிலையை விட்டுவிட்டேன், வெறும் பாக்குத்தான்" என்பார்கள். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும். வாய்க்குள் வெள்ளைப் படலமோ சிவப்புப் படலமோ, மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணோ இருந்தால், வாய் முன்போலத் திறக்காவிட்டால், பல் டாக்டரிடமாவது காட்டுங்கள்.

சத்திரசிகிச்சையில் அக்குளில் நெறிகளை, அதாவது நிணநீர்க் கணுக்களை, எடுத்த பிறகு எனக்கு இடது கை தோளுக்கு மேல் எழவில்லை. சுவரருகே நின்று விரல்களை எறும்பு ஏறுவது போல மேலே நகர்த்தச் சொல்லித் தந்தார்கள். கலண்டருக்குப் பக்கத்தில் நின்று ஏற்றுவேன். எட்டிய இடத்தில் மகள் பென்சிலால் கோடு போடுவாள். சில நாள் கோடு முதல் நாளை விடக் கீழே இறங்கும். அன்றைக்கு அழுகை வரும். அழுதுவிட்டு, பின்னேரம் மரைன் டிரைவில் கடற்காற்றில் பத்து நிமிடம் நடப்பேன். படுத்தே கிடந்தால் களைப்பு போகும் என்று நினைத்திருந்தேன், நடந்தபோதுதான் குறைந்தது. இப்போது கை மேலே போகிறது. அந்தக் கையில் இரத்தம் எடுக்க வந்தால் மற்றக் கையை நீட்டுவேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை எனக்குக் கிளினிக். கிருலப்பனையில் 138 ஏறுவேன். கொப்பி மடியில் இருக்கும். பக்கத்தில் இடமிருந்தால் வந்து உட்காருங்கள், கேட்க வேண்டியதைக் கேளுங்கள். வணக்கம்.